பாடபேதமும் பதிப்புக் கட்டுப்பாடும்

பழந்தமிழ் நூல்களை அச்சேற்றிய பதிப்பாசிரியர்கள் எதிர்கொண்ட பேரிடர்களுள் ஒன்று பாடபேதம் என்பது தமிழ் கற்றார் யாவரும் அறிந்ததே. 1887 ஆம் ஆண்டிற் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையையும், அதே ஆண்டில் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியையும் பதிப்பித்தபோது, ஒரே நூலின் ஏட்டுப் பிரதிகளை ஒப்புநோக்கி, வேறுபட்ட பாடங்களுள் எது மூலம், எது பின்வந்தோர் மாற்றம் எனத் துணிய வேண்டியவராயினர். கைம்மாறி எழுதப்படும் நூலில் மாற்றம் நிகழ்தல் இயல்பு. ஆனால் அம்மாற்றத்தைச் செய்தவர் யார், எப்பொழுது செய்தார், எக்காரணம் பற்றிச் செய்தார் என்னும் குறிப்பு ஏடுகளிற் பெரும்பாலும் இல்லை. அதனாலேயே அப்பெரியார்கள் ஒரு சொல்லின் பொருட்டுப் பன்னாள் உழைக்க நேர்ந்தது.

இற்றை நாளிற் கணினிச் செய்நிரல் எழுதுவோர்க்கும் இவ்விடர் உண்டு. பாடசாலையொன்றின் வரவுப் பதிவேட்டுக்கு ஐந்து மாணவர் சேர்ந்து ஒரு மென்பொருள் எழுதுகின்றனர் எனக் கொள்வோம். ஒருவர் தம் பகுதியை வாட்சப் மூலம் அனுப்புவார். மற்றொருவர் பென்ரைவிற் கொணர்வார். சில நாளில் ‘இறுதி’, ‘இறுதி 2’, ‘திருத்திய இறுதி’ என்னும் பெயர்களோடு பல கோப்புகள் தோன்றும். அவற்றுள் எது சரியானது என்பதை எழுதியோரே அறியார். ஒருவர் திருத்திய பிழையை மற்றொருவரின் பழைய படி மீண்டும் கொண்டுவந்துவிடும். இக்குழப்பத்தை நீக்குதற்கு அமைந்த முறையே பதிப்புக் கட்டுப்பாடு எனப்படும். அதன் இயல்பையும், அதனை நிறுவும் வகையையும், அதில் எழும் பழுதுகளைத் தீர்க்கும் வழியையும் ஈண்டுச் சுருக்கமாக நோக்குவாம். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இயங்குகின்றது. வவுனியா வளாகம் 2021 ஆம் ஆண்டு ஆகத்து 1 ஆம் நாள் முதல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. நம் பாடசாலைகளிலும் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் ஒரு பாடமாகக் கற்பிக்கப்படுகின்றது. ஆதலின் இப்பொருள் வன்னி மாணவர்க்குப் புறம்பானதன்று.

தோற்றமும் வளர்ச்சியும்

பதிப்புக் கட்டுப்பாடாவது, ஒரு செய்நிரற் றொகுதியின் ஒவ்வொரு நிலையையும், அதனை ஆக்கியவர் பெயர், நாள், காரணம் ஆகியவற்றோடு வரிசையாகப் பதிந்து வைத்து, வேண்டிய பொழுது எந்நிலைக்கும் மீளுதற்கு வாய்ப்பளிக்கும் முறையாகும். 1972 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் மார்க் றொச்கைண்ட் என்பார் இவ்வகையிற் புகழ்பெற்ற முதற் கருவிகளுள் ஒன்றை ஆக்கினார். 1980 களிற் பிறந்த சீ.வி.எஸ்., 2000 ஆம் ஆண்டிற் றொடங்கிய சப்வேர்சன் ஆகியன அதன் வழிவந்தவை. இவற்றில் முழு வரலாறும் நடுவணாகிய ஒரு கணினியிலேயே இருந்தது; பிறர் அதிலிருந்து வேண்டிய படியை மட்டும் பெற்று வேலை செய்தனர்.

2005 ஆம் ஆண்டில் இந்நிலை மாறிற்று. லினக்சு இயங்குதளத்தை ஆக்குவோர் அதுவரை கையாண்ட பிற்கீப்பர் என்னும் கருவியை இலவசமாகப் பயன்படுத்தும் உரிமை நிறுத்தப்படவே, லைனஸ் ரோவால்ட்ஸ் அவ்வாண்டு ஏப்பிரலில் ‘கிற்’ என்னும் புதிய கருவியை எழுதத் தொடங்கினார். சில நாளிலேயே அக்கருவியின் நிரல் அக்கருவியிலேயே பதியப்பட்டது. யப்பானியராகிய யூனியோ ஹமானோ அவ்வாண்டு யூலை முதல் அதனைப் பேணி வருகின்றார். இன்று உலகெங்கும் மிகுதியாக வழங்குவது இதுவே.

கிற் கருவியின் சிறப்பு இரண்டு. முதலாவது, களஞ்சியத்தைப் படியெடுக்கும் ஒவ்வொருவர் கணினியிலும் வரலாறு முழுவதும் தங்குகின்றது. இரண்டாவது, ஒவ்வொரு பதிவும் தன் உள்ளடக்கத்திலிருந்து கணிக்கப்படும் 40 குறிகள் கொண்ட ஓர் அடையாளத்தைப் பெறுகின்றது. அக்கணிப்பில் முந்தைய பதிவின் அடையாளமும் சேர்வதால், பழைய பதிவொன்றை யாரேனும் மாற்றின் அதற்குப் பிந்தியவற்றின் அடையாளங்கள் யாவும் மாறிவிடும். எனவே பிறர் கையிலுள்ள படியோடு ஒப்பிட்ட அளவில் மாற்றம் வெளிப்பட்டுவிடும்.

ஒரே படியின் கேடு

முழு வரலாறும் பலர் கையிலிருத்தல் எத்துணைப் பயனுடையது என்பதை நம் நாட்டார்க்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. 1981 ஆம் ஆண்டு யூன் மாதத் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறிடத்தில் அச்சுப்படி உள்ளவற்றை மீண்டும் தேடிக்கொள்ளலாம். ஒரே பிரதியாயிருந்த ஏடுகளை எங்குத் தேடுவது? 2008, 2009 ஆம் ஆண்டுகளின் இடப்பெயர்விற் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் பாடசாலைகள் பலவற்றின் பதிவேடுகளும் அவ்வாறே ஒழிந்தன. ஓரிடத்தில் ஒரு படியாக இருந்த எழுத்து, அவ்விடத்தோடு சேர்ந்தே மறையும்.

இதற்கு மாறாக, பகிர்ந்து வைக்கப்பட்ட நிரல் எவ்வாறு நெடிது நிலைக்கும் என்பதற்குச் ‘சகனா’ சான்றாகும். 2004 ஆம் ஆண்டு டிசெம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரை உள்ளிட்ட இலங்கைக் கடலோரங்களை அழித்த பின்னர், காணாமற்போனோர், முகாம்கள், உதவிப்பொருள்கள் ஆகியவற்றின் விவரங்களைத் தொகுத்தற்கு இலங்கை நிரலாளர் பலர் தன்னார்வமாகக் கூடி ஆக்கிய மென்பொருள் அது. சகனா என்பது சிங்களத்தில் ஆறுதல் எனப் பொருள்படும். லங்கா சொப்ற்வெயர் பவுண்டேசன் அப்பணிக்குத் துணைநின்றது. அதன் நிரல் எவரும் படியெடுத்துத் திருத்தலாமென்னும் உரிமையோடு பொதுவில் வைக்கப்பட்டமையால், 2005 ஆம் ஆண்டுப் பாக்கிசுத்தான் நிலநடுக்கத்தின்போதும், 2006 ஆம் ஆண்டுப் பிலிப்பைன்சு மண்சரிவின்போதும் பயன்பட்டது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2006 ஆம் ஆண்டுக்குரிய சமூகப் பயன் விருதினை அதற்கு வழங்கிற்று. ஒருவர் மேசையிலே தங்கியிருப்பின், அந்நிரல் அவ்விடர் முடிந்ததும் மறக்கப்பட்டிருக்கும்.

நிறுவும் முறை

கிற் கருவியின் கட்டளைகள் ஆங்கில எழுத்திற் றட்டெழுதப்படுவன. ஈண்டு அவற்றின் ஒலிப்பு மட்டும் தரப்படுகின்றது.

முதலாவது, எழுதுபவர் தம் பெயரையும் மின்னஞ்சல் முகவரியையும் கருவிக்கு அறிவித்தல் வேண்டும். பலர் மாறிமாறி இருக்கும் பாடசாலைக் கணினிகளில் இதனைக் கணினி முழுவதற்கும் பொதுவாக அமைத்தல் தவறு. அங்ஙனம் அமைப்பின், காலையில் இருந்தவர் பெயரிலேயே மாலையில் வருபவர் வேலையும் பதிவாகும். ஆதலின் அவ்வக் களஞ்சியத்துள் மட்டும் அமைத்துக்கொள்க.

இரண்டாவது, செய்நிரல் உள்ள கோப்புறையில் ‘கிற் இனிற்’ எனக் கட்டளையிட்டுக் களஞ்சியத்தைத் தொடக்குதல் வேண்டும். கணினி தானே ஆக்கிக்கொள்ளும் கோப்புகளும், கடவுச்சொல் அடங்கிய கோப்புகளும் பதிவிற் புகாதபடி புறக்கணிப்புப் பட்டியலொன்றைத் தொடக்கத்திலேயே எழுதிவிடுக.

மூன்றாவது, குழுவினர் யாவரும் அணுகும் பொதுக் களஞ்சியம் ஒன்று வேண்டும். கிற்ஹப், கிற்லாப் முதலிய இணையத் தளங்கள் இதற்கு உதவுவன. இணைய இணைப்புக் குன்றிய இடத்தில் ஆய்வுகூட வலையமைப்பிலுள்ள ஒரு கணினியையோ, ஒரு பென்ரைவையோ கூடப் பொதுக் களஞ்சியமாக அமைக்கலாம். பதிதல், கிளைபிரித்தல், பழையதை நோக்குதல் ஆகியவற்றுக்கு இணையம் தேவையில்லை. அனுப்புதற்கும் பெறுதற்குமே தேவை. இணைப்பு அடிக்கடி அறுபடும் ஊர்களுக்கு இது பெரும் வாய்ப்பாகும்.

நான்காவது, குழுவினர் தமக்குள் உடன்பாடு செய்தல் வேண்டும். முதன்மைக் கிளையில் எவரும் நேரே எழுதலாகாது. ஒவ்வொரு வேலைக்கும் தனிக் கிளை பிரித்து, முடிந்தபின் மற்றொருவர் படித்துப் பார்த்தே அதனை இணைத்தல் வேண்டும். ஒரு பதிவில் ஒரு கருத்தே அமைக. ‘மாற்றம்’ என்றோ ‘திருத்தம்’ என்றோ குறிப்பெழுதுதல் எழுதாமைக்கு நிகர். ‘விடுமுறை நாள்களை வரவுக் கணக்கிலிருந்து நீக்கியது’ என்றாற்போல, செய்ததும் அதன் காரணமும் விளங்க எழுதுக.

பழுதும் தீர்வும்

முதன்முதல் எழும் பழுது, பொதுக் களஞ்சியத்துக்கு அனுப்பும்போது அது ஏற்க மறுத்தல். நாம் பெற்ற பின்னர் வேறொருவர் புதிய பதிவை அங்கு அனுப்பியிருப்பதே இதற்குக் காரணமாயிருக்கும். அவர் பதிவை முதலிற் பெற்று, நம்முடையதோடு இணைத்து, பின்னர் அனுப்புக. கட்டாயப்படுத்தி அனுப்பும் கட்டளையும் உண்டு. அஃது உடன்வேலை செய்வார் பதிவைப் பொதுக் கிளையிலிருந்து அகற்றிவிடுமாதலின் அதனைத் தொடாதிருத்தலே நன்று. கிற்ஹப் தளத்திற் கடவுச்சொல் ஏற்கப்படவில்லையெனின் வியக்க வேண்டியதில்லை. 2021 ஆம் ஆண்டு ஆகத்து 13 முதல் அத்தளம் இவ்வகை அனுப்புதலுக்குக் கணக்கின் கடவுச்சொல்லை ஏற்பதில்லை. தனி அனுமதிக் குறியோ மறைச்சாவியோ அமைத்தல் வேண்டும்.

அடுத்தது முரண். இருவர் ஒரே வரியை இருவகையாக மாற்றின், எது கொள்ளத்தக்கதெனக் கருவி தானே துணியாது. இரு பாடங்களையும் குறியிட்டு ஒன்றன்கீழொன்றாகக் காட்டி நிற்கும். மாணவர் இதனைக் கருவியின் பழுதென அஞ்சுவர். உண்மையில் மறைவாகக் கிடந்த கருத்து வேறுபாட்டைக் கருவி வெளிப்படுத்துகின்றது, அவ்வளவே. எழுதிய இருவரும் கூடிப் பேசி, வேண்டிய பாடத்தைக் கொண்டு, குறிகளை நீக்கி, நிரலை இயக்கிப் பார்த்தபின் பதிக. தனியொருவர் மற்றவர் பாடத்தைக் கேளாது நீக்கின் பூசல் பின்னர் வேறுருவில் எழும்.

ஒரு சொல்லைத் திருத்தியதற்குக் கோப்பு முழுவதும் மாறியதாகக் காட்டுதலும் உண்டு. விண்டோசும் லினக்சும் வரியின் ஈற்றை வெவ்வேறு குறியாற் குறிப்பது இதற்குப் பெரும்பாலும் காரணமாகும். களஞ்சியத்திலேயே வரியீற்று விதியை எழுதிவைப்பின் இது நீங்கும்.

தமிழ் எழுதுவார்க்குச் சில தனி இடர்கள் உள. பாமினி எழுத்துருவில் எழுதிய பழைய பட்டியல்களை அவ்வாறே சேர்ப்பின், மாற்றங்கள் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவே தோன்றும். முதலில் ஒருங்குறிக்கு மாற்றுக. ஒருங்குறியிலும், ‘கொ’ என்னும் எழுத்தின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும், எகரக் குறியும் காலும் எனப் பிரித்து இரு குறியீடுகளாகவும் எழுதுதல் இயலும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கருவிக்கு அவை வெவ்வேறு. எனவே ஒற்றைக் குறியீட்டையே கொள்வதென விதித்துக்கொள்க. தமிழிற் பெயரிட்ட கோப்புகள் எண்களாகக் காட்டப்படின், ‘கோர் குவோட்பாத்’ என்னும் அமைப்பை நிறுத்திய அளவிற் பெயர் தமிழிலே தோன்றும்.

தவறான பதிவை நீக்கும் வழி இருவகை. பிறர்க்கு அனுப்பிய பதிவாயின் ‘றிவேர்ட்’ என்னும் கட்டளையால், அதனை மறுக்கும் புதிய பதிவொன்றை இடுக, வரலாறு கெடாது. அனுப்பாததாயின் ‘றிசெற்’ கொண்டு பின்செல்லலாம். பின்சென்றதில் வேண்டிய பதிவொன்று மறைந்துவிடினும் கலங்கற்க. ‘றிஃப்லொக்’ என்னும் நாட்குறிப்பு அத்தகைய பதிவையும் வழக்கமாக 30 நாளேனும் நினைவில் வைத்திருக்கும். ஆயின் ஒருமுறையும் பதியாத எழுத்தை எக்கட்டளையும் மீட்காது. மின்தடை நேரும் ஊரிற் சிறிது சிறிதாக அடிக்கடி பதிதலின் அருமை இதனால் விளங்கும்.

கடவுச்சொல்லைத் தவறிப் பதிந்து அனுப்பிவிடின், அடுத்த பதிவில் அதனை அழித்தல் போதாது. பழைய பதிவில் அஃது எவர்க்கும் தெரிய நிற்கும். கடவுச்சொல்லையே உடனே மாற்றுதல் வேண்டும். மாணவரின் பெயர், முகவரி முதலிய உண்மை விவரங்களைப் பொதுக் களஞ்சியத்தில் இடாமைக்கும் இதுவே காரணம்.

முன்னர் நன்கு இயங்கிய நிரல் எப்பதிவிற் பழுதாயிற்று எனத் தெரியாதபோது ‘பைசெக்ற்’ உதவும். நடுவிலுள்ள பதிவைச் சோதித்து, நன்றாயின் பிற்பாதியையும் தீதாயின் முற்பாதியையும் மீண்டும் பாதியாக்கிச் செல்லும் முறை அது. 1,000 பதிவுகளாயினும் ஏறத்தாழ 10 சோதனையிற் குற்றமுள்ள பதிவு அகப்படும். பதிவுகள் சிறியனவாகவும் குறிப்புத் தெளிவாகவும் அமைந்தவர்க்கே இப்பயன் முழுமையாகக் கிட்டும்.

ஆசிரியர்க்கு ஒரு சொல்

குழுவேலையிற் புள்ளியிடும் ஆசிரியர் எதிர்கொள்ளும் இடர் ஒன்றுண்டு. ஐவர் பெயரில் வரும் ஒப்படையை ஒருவரே செய்திருப்பர். உழைத்தவர்க்கும் உழையாதவர்க்கும் ஒரே புள்ளி கிட்டும். களஞ்சியத்தின் வரலாற்றைப் படிப்பின் யார் எதனைத் தொடங்கினார், யார் பிறர் பிழையைத் திருத்தினார் என்பன புலனாகும். பதிவுகளின் எண்ணிக்கையை மட்டும் அளவுகோலாகக் கொள்ளல் தகாது. பத்துச் சிறு திருத்தத்தினும் நன்கு சிந்தித்த ஒரு பதிவு மேலாகலாம். பதிவைப் படித்து, எழுதியவரை அழைத்து, ஏன் இவ்வாறு செய்தீர் எனக் கேட்டே புள்ளி வழங்குக.

தன் பெயரோடும் காரணத்தோடும் எழுத்தை முன்வைக்கப் பழகிய மாணவர், பிழை நேர்ந்தபோது அதனை மறைக்க முயலார்; எப்பதிவிற் பிழைத்தது எனத் தேடுவர். ஒரு தவணையில் ஒரு குழுவேலையையேனும் இம்முறையிற் செய்வித்துப் பார்ப்பாராயின், இதன் பயனை ஆசிரியர்கள் தாமே காண்பர்.