ஒரே ஒரு கொண்டை ஊசி வளைவு

கொல்லிமலை ஏறுகிறவர்கள் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தாக வேண்டும். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், கனடா எல்லையை ஒட்டிய கிளேசியர் தேசியப் பூங்காவின் குறுக்கே ஓடும் ‘கோயிங் டு தி சன்’ சாலையில் அப்படிப்பட்ட வளைவு ஒன்றே ஒன்றுதான். சாலையின் நீளமோ ஏறத்தாழ 80 கி.மீ.

முதலில் போட்ட திட்டம் வேறு. பூங்காத் துறையின் பொறியாளர் ஜார்ஜ் குட்வின், பள்ளத்தாக்கின் ஓரமாக 15 வளைவுகளோடு செங்குத்தாக ஏறும் பாதையை வரைந்திருந்தார். நிலவெழில் வடிவமைப்பாளரான தாமஸ் வின்ட் அதை ஏற்கவில்லை. அத்தனை வளைவுகளை வெட்டினால் பள்ளத்தாக்கே சிதைந்துவிடும் என்பது அவர் கவலை. ‘கார்டன் வால்’ என்ற பாறைச் சுவரை ஒட்டியே, சீரான சரிவில், ஒரே திருப்பத்தோடு மேலேறலாம் என்றார். செலவு கூடும், வேலையும் கடினம். ஆனாலும் 1924-இல் துறையின் இயக்குநர் ஸ்டீபன் மாதர் வின்ட்டின் பக்கம் நின்றார். இன்று அந்த வழியே போகிறவர்கள் ரசிக்கும் காட்சியில் பாதி அந்த முடிவு தந்ததுதான்.

வெடி வைத்துப் பெயர்த்த பாறைகளையே செதுக்கித் தடுப்புச் சுவர்களும் வளைவுப் பாலங்களும் கட்டினார்கள். சாலை மலையின் ஓர் அங்கம்போலவே தெரிவதற்கு இதுவும் காரணம். கட்டுமானத்தின்போது தொழிலாளர்கள் மூவர் உயிரிழந்தனர். 1933 ஜூலையில் திறப்பு விழா நடந்தது.

மேற்கிலிருந்து கிளம்பினால் முதலில் மெக்டொனால்டு ஏரி. அடுத்து செடார் மரங்கள் அடர்ந்த ஈரக்காடு. பிறகு சாலை ஏறத் தொடங்குகிறது. மேற்குச் சுரங்கத்தின் ஜன்னல்களில் ஹெவன்ஸ் சிகரம் தெரியும். ‘தி லூப்’ எனப்படும் அந்த ஒற்றைத் திருப்பத்தைத் தாண்டியதும் ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பாதாளம். ‘வீப்பிங் வால்’ என்ற இடத்தில் பனி உருகிய நீர் பாறையில் வழிந்து சாலையிலேயே கொட்டும். கோடையின் தொடக்கத்தில் போனால் காரும் நனையும். சாலை குறுகலானது. அதனால் உயரமான பகுதியில் 21 அடிக்கு மேல் நீளமோ 8 அடிக்கு மேல் அகலமோ கொண்ட வண்டிகளுக்கு அனுமதி இல்லை.

உச்சி லோகன் கணவாய்; 2,026 மீட்டர் உயரம். கண்டத்தின் நீர்ப்பிரிமேடு இங்கேதான். மேற்கே விழும் மழை பசிபிக் கடலுக்கும், கிழக்கே விழுவது வடக்கு நோக்கி ஓடி ஹட்சன் விரிகுடாவுக்கும் போய்ச் சேர்கின்றன. வண்டியை நிறுத்தி இறங்கினால் வெள்ளை மலையாடுகளைப் பக்கத்திலேயே பார்க்க வாய்ப்புண்டு. எவ்வளவு பக்கத்தில் வந்தாலும் தீனி கொடுக்கக் கூடாது.

கணவாய்க்குக் கிழக்கே காற்று குவித்துவைக்கும் பனிமேடு சில ஆண்டுகளில் 80 அடி ஆழம்வரை போகும். வசந்தத்தில் பனி அகற்றத் தொடங்கினாலும், முழுச் சாலையும் திறக்கப் பெரும்பாலும் ஜூன் கடைசியோ ஜூலையோ ஆகிவிடும். பயணத் தேதியைக் குறிக்கும் முன் இதைக் கவனிப்பது நல்லது.

ஓட்டுநருக்குச் சாலையை விட்டுக் கண்ணை எடுக்க முடியாது என்பதே இந்தப் பயணத்தின் ஒரே குறை. அதற்கும் வழி உண்டு: 1930-களில் தயாரான, கூரையைச் சுருட்டிவிடக்கூடிய சிவப்புப் பேருந்துகள் இன்றும் ஓடுகின்றன. பிளாக்ஃபீட் பழங்குடியினர் நடத்தும் சுற்றுலா வண்டிகளும் உண்டு. பூங்காவின் கிழக்குப் பாதி 1895 ஒப்பந்தம்வரை அவர்களின் நிலமாகவே இருந்தது. சாலை முடியும் செயின்ட் மேரி ஊர் இன்றும் அவர்களின் எல்லைக்குள்தான் இருக்கிறது. அந்த மலைகளைப் பற்றி அவர்கள் வாயாலேயே கேட்டுக்கொண்டு போகலாம்.