படமாக வரும் அறிவிப்பைப் பார்வையற்றவர் எப்படிப் படிப்பார்?

ஓசூர், கிருஷ்ணகிரி, தேன்கனிக்கோட்டை, காவேரிப்பட்டணம் என்று எந்த ஊர் மஹல்லாவை எடுத்துக்கொண்டாலும் ஜமாஅத் அறிவிப்புகள் இப்போது வாட்ஸ்அப் குழுவில்தான் வருகின்றன. அவையும் பெரும்பாலும் எழுத்தாக வருவதில்லை. பச்சைப் பின்னணி, மினாராப் படம், வளைந்து நெளிந்த எழுத்துகள் என்று அழகாக வடிவமைத்த போஸ்டராக வருகின்றன. ஜனாஸா நேரம், கல்வி உதவித்தொகை விண்ணப்பத்தின் கடைசித் தேதி, சிப்காட் கம்பெனியில் நேர்முகத் தேர்வு, இலவசக் கண் சிகிச்சை முகாம் எல்லாமே படம்தான். கண் சிகிச்சை முகாம் பற்றிய செய்தியையே கண் தெரியாதவர் படிக்க முடியாத வடிவில் அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

கண் தெரியாதவருக்கு செல்போன் எதற்கு என்று கேட்பவர்கள் இன்னும் உண்டு. உண்மையில் நம்மைவிட அவர்களுக்குத்தான் அது அதிகம் பயன்படுகிறது. ஆண்ட்ராய்டு போன்களில் டாக்பேக் என்றும், ஐபோனில் வாய்ஸ்ஓவர் என்றும் ஒரு வசதி போனிலேயே இருக்கிறது. திரையில் விரலை வைத்தால் அந்த இடத்தில் உள்ள எழுத்தை அது வாய்விட்டுப் படித்துக் காட்டும். கணினியில் இதே வேலையைச் செய்ய என்விடிஏ என்ற இலவச மென்பொருள் உள்ளது. பார்வையற்ற இளைஞரான மைக்கேல் கர்ரன் 2006-ல் ஆஸ்திரேலியாவில் தொடங்கியது அது. தமிழையும் படிக்கும்.

ஆனால் இவை எல்லாம் அடிப்படையில் எழுத்தைப் படிப்பதற்கானவை. போஸ்டரில் நம் கண்ணுக்குத் தெரியும் எழுத்து, போனைப் பொறுத்தவரை எழுத்தே அல்ல. பல லட்சம் வண்ணப் புள்ளிகள், அவ்வளவுதான். அதனால் பல நேரம் ‘புகைப்படம்’ என்று ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடும். ஜனாஸா எத்தனை மணிக்கு, எந்தக் கபரஸ்தானில் என்பதெல்லாம் அந்த ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கிப்போகிறது.

இந்தக் குறையைப் போக்க வந்தவைதான் தானியங்கிப் படவிளக்கச் சேவைகள். ஒரு படத்தைக் கொடுத்தால் அதில் என்ன இருக்கிறது என்று ஒன்றிரண்டு வாக்கியங்களில் சொல்லிவிடும். 2016 ஏப்ரலில் ஃபேஸ்புக் இதைத் தன் பக்கங்களில் கொண்டுவந்தது. அந்தப் பணியில் முக்கியப் பங்கு வகித்த பொறியாளர் மேட் கிங் பார்வையற்றவர். தொடக்கத்தில் மரம், கார், சிரிக்கும் மனிதர், வானம் என்று ஏறத்தாழ 100 விஷயங்களைத்தான் அது அறிந்திருந்தது. 2021-ல் அந்த எண்ணிக்கை 1,200-ஐத் தாண்டியது. ‘படத்தில் இவை இருக்கலாம்’ என்றுதான் அது தொடங்கும். ‘இருக்கிறது’ என்று அடித்துச் சொல்லாது. அந்த ‘லாம்’ எவ்வளவு முக்கியம் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

2017-ல் மைக்ரோசாஃப்ட் ‘சீயிங் ஏஐ’ என்ற செயலியை வெளியிட்டது. இதை உருவாக்கிய குழுவின் தலைவர் சாகிப் ஷேக். 7 வயதில் பார்வையை இழந்த அவர் லண்டனில் பணிபுரியும் மென்பொருள் பொறியாளர். முதலில் ஐபோனில் மட்டும் இருந்த இந்தச் செயலி, 2023 டிசம்பரில் ஆண்ட்ராய்டுக்கும் வந்துவிட்டது. கட்டணம் இல்லை. டென்மார்க்கில் பார்வைக் குறைபாடு கொண்ட ஹான்ஸ் யோர்கன் விபெர்க் தொடங்கிய ‘பீ மை ஐஸ்’ வேறு வழியில் வந்தது. 2015-ல் அது வெளியானபோது அதில் இயந்திரம் எதுவும் படத்தை விளக்கவில்லை. பார்வையற்றவர் வீடியோவில் அழைத்தால், கண் தெரிந்த தன்னார்வலர் ஒருவர் எடுத்து, பார்த்துச் சொல்வார். 2023-ல்தான் அதில் செயற்கை நுண்ணறிவு சேர்ந்தது. இப்போது இரண்டு வழியும் அதில் உண்டு.

இயந்திரம் எப்படிப் படத்தைப் பார்த்துச் சொல்கிறது? மனிதர்கள் சொல்லிக் கொடுத்ததைக் கொண்டுதான். மைக்ரோசாஃப்ட் 2014-ல் வெளியிட்ட ‘கோகோ’ என்ற படத்தொகுப்பில் ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட படங்களுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஐந்து வாக்கியங்கள் வீதம், இணையம் வழியே கூலிக்கு அமர்த்தப்பட்ட மனிதர்கள் எழுதினார்கள். இப்படிப் படமும் வாக்கியமும் சேர்ந்த ஜோடிகளைத் திரும்பத் திரும்பக் காட்டி இயந்திரத்தைப் பழக்குகிறார்கள். எந்த உருவம் வந்தால் எந்தச் சொல் வரும், அந்தச் சொல்லுக்கு அடுத்து எது வரும் என்ற கணக்கு அதற்குப் படிந்துவிடுகிறது. நாம் புதிய படம் ஒன்றை அனுப்பும்போது, அது இணையம் வழியாக அந்த நிறுவனத்தின் கணினிக்குப் போய், அங்கே இந்தக் கணக்கு போடப்பட்டு, மிகவும் பொருந்தக்கூடிய சொற்கள் ஒவ்வொன்றாகக் கோக்கப்பட்டு வாக்கியமாகத் திரும்பி வருகிறது.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பழகிய படங்களில் எது அதிகமோ அதுதான் இயந்திரத்துக்கு நன்றாகத் தெரியும். கோகோ தொகுப்பின் படங்கள் ஃப்ளிக்கர் தளத்திலிருந்து எடுக்கப்பட்டவை. பீட்சாவும் பனிச்சறுக்கும் அதில் தாராளம். சந்தனக்கூடோ, நோன்புக் கஞ்சிக் குவளையோ, மாங்கூழ் ஆலை வாசலில் நிற்கும் லாரி வரிசையோ எத்தனை இருந்திருக்கும்? தெரியாததைப் பார்த்தால் ‘தெரியவில்லை’ என்று சொல்லும் பழக்கமும் இயந்திரத்துக்குக் குறைவு. தனக்குத் தெரிந்தவற்றில் எது அருகில் இருக்கிறதோ அதைச் சொல்லிவிடும். பின்னர் வந்தவை இதைவிடப் பல மடங்கு படங்களில் பழகியவை, அதனால் நிறையத் தேறியிருக்கின்றன. இந்தக் குணம் மட்டும் முழுதாகப் போகவில்லை.

போஸ்டரைப் பொறுத்தவரை வேறொன்றையும் கவனிக்க வேண்டும். படத்தில் உள்ள காட்சியைச் சொல்வது ஒரு வேலை, படத்தில் உள்ள எழுத்தைப் படிப்பது வேறு வேலை. முதல் வேலையை மட்டும் செய்யும் சேவையிடம் ஜமாஅத் போஸ்டரைக் கொடுத்தால், ‘பச்சை நிறத்தில் பள்ளிவாசல் படமும் சில எழுத்துகளும் உள்ள விளம்பரம்’ என்பதுபோல் சொல்லும். சொன்னது சரிதான், பயன்தான் இல்லை. எழுத்தைப் படிக்கும் வசதியையும் சேர்த்துக் கேட்க வேண்டும். சாதாரண அச்சுத் தமிழை கூகுள் லென்ஸ் போன்றவை நன்றாகவே படிக்கின்றன. அலங்கார எழுத்து, வண்ணத்தின்மேல் வண்ணம், சாய்ந்த வரி என்று வரும்போது தடுமாறுகின்றன. உருது இன்னும் கடினம். நஸ்தலீக் எழுத்துகள் ஒன்றோடொன்று இணைந்து, சரிந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அமர்வதால், எங்கே ஒரு எழுத்து முடிந்து எங்கே அடுத்தது தொடங்குகிறது என்று பிரிப்பதே இயந்திரத்துக்குப் பெரும்பாடு.

நம் எல்லைப் பகுதிக்கு இது பார்வையற்றவர்களின் பிரச்சினை மட்டுமல்ல. வீட்டில் உருது, தெருவில் தமிழ், கடையில் தெலுங்கு, அத்திப்பள்ளியைத் தாண்டினால் கன்னடப் பலகை என்று வாழ்கிறோம். உருது மட்டும் படிக்கத் தெரிந்த பெரியவர்கள், தமிழ்ப் பலகை புரியாத வடமாநிலத் தொழிலாளர்கள், சர்க்கரை நோயால் பார்வை மங்கிய அம்மாக்கள் எல்லோருக்கும், படத்தைக் காட்டினால் தனக்குத் தெரிந்த மொழியில் சொல்லும் கருவி உதவும்.

அந்த வகையில் நான் முதலில் பரிந்துரைப்பது இந்திய ரிசர்வ் வங்கியின் ‘மணி’ செயலியைத்தான். 2020 ஜனவரி 1 அன்று வெளியானது. ரூபாய் நோட்டைப் போன் கேமராவுக்கு முன் பிடித்தால் அது எத்தனை ரூபாய் நோட்டு என்று சொல்லும். முதலில் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டும் பேசியது, பிறகு தமிழ், உருது, கன்னடம், தெலுங்கு உள்ளிட்ட மேலும் 11 மொழிகளைக் கற்றுக்கொண்டது. நம் ஊரின் நான்கு மொழியும் அதில் இருக்கின்றன. ஒருமுறை நிறுவிவிட்டால் இணையம் தேவையில்லை. இதன் அருமை சந்தையில் நிற்பவருக்குத் தெரியும். புதிய 200 ரூபாய் நோட்டின் நீளம் 146 மில்லிமீட்டர், 500 ரூபாய் நோட்டின் நீளம் 150. அகலம் ஒன்றுதான். அந்த 4 மில்லிமீட்டரை விரலால் அளந்துதான் அவர் மிச்சக் காசு வாங்க வேண்டும். ஓரத்தில் உள்ள தடவிப் பார்க்கும் கோடுகள் பழைய நோட்டில் தேய்ந்துவிடும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். நோட்டு நல்லதா கள்ளதா என்று மணி சொல்லாது, மதிப்பை மட்டுமே சொல்லும்.

இனி அந்த ‘லாம்’ விஷயத்துக்கு வருகிறேன். 2017-ல் ஹேலி மெக்லியோட் என்பவரும் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்களும், சமூக ஊடகப் படங்களுக்கு இயந்திரம் எழுதிய விளக்கங்களைப் பார்வையற்றவர்கள் எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்று ஆராய்ந்தார்கள். விளக்கம் தவறாக இருந்தபோதும், படத்தோடு வந்த செய்திக்குச் சற்றும் பொருந்தாதபோதும்கூட அவர்கள் அதை நம்பினார்கள். பொருந்தாத இடத்தைத் தாங்களே ஒரு கதை கற்பித்து நிரப்பிக்கொண்டார்கள். ‘இதுதான்’ என்று உறுதியாகச் சொல்லும் விளக்கத்தைவிட, ‘இதுவாக இருக்கலாம், உறுதியில்லை’ என்ற தொனியில் எழுதப்பட்டவையே அவர்களைச் சந்தேகிக்க வைத்தன. இதில் வியக்க ஒன்றுமில்லை. சரிபார்க்க வேறு வழி இல்லாதவர் நம்பத்தான் செய்வார். இன்றைய ஏஐ சேவைகள் அழகான, சரளமான, கோர்வையான நடையில் பதில் சொல்கின்றன. பிழையும் அதே சரளத்தோடு வருகிறது என்பதால் ஆபத்து கூடியிருக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

ஆகவே மாத்திரை அட்டையின் பெயர், காலாவதித் தேதி, இன்சுலின் அளவு, பணம் அனுப்ப வேண்டிய எண், வங்கிக் கணக்கு எண் ஆகியவற்றை இயந்திரம் சொன்னதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. இரண்டாவது முறை வேறு கோணத்தில் படமெடுத்துக் கேளுங்கள். பிறகு ஒரு மனிதரிடம் கேளுங்கள். வீட்டில் யாரும் இல்லாவிட்டால் பீ மை ஐஸ் தன்னார்வலரை அழைக்கலாம். நம் இளைஞர்களும் அதில் தமிழ் பேசும் தன்னார்வலராகப் பதிவு செய்துகொள்ளலாம். போனில் ஐந்து நிமிட வேலை.

படம் வெளியே போகிறது என்பதையும் மறக்க வேண்டாம். விளக்கம் கேட்கும் ஒவ்வொரு படமும் பெரும்பாலும் எங்கோ உள்ள கணினிக்குச் செல்கிறது. ஆதார் அட்டை, பாஸ்புக், ஏடிஎம் கார்டின் பின்புறம், வீட்டுப் பெண்களின் படங்கள் ஆகியவற்றை அப்படி அனுப்பாமல் இருப்பதே நல்லது. ஆதாரைக் கொடுத்தே ஆக வேண்டிய இடத்தில், முதல் 8 இலக்கங்களை மறைத்துத் தரும் வசதி ஆதார் தளத்திலேயே இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் பலர் கேட்கிறார்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 42-ஆவது பிரிவு, அச்சு, ஒலி, மின்னணு ஊடகங்களில் உள்ளவை எல்லாம் மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தக்கூடிய வடிவில் கிடைக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு இன்னும் ஒரு படி மேலே போனது. ஆசிட் வீச்சால் பாதிக்கப்பட்டவர்களும் பார்வையற்ற ஒருவரும் தொடுத்த வழக்குகள் அவை. வங்கிக் கணக்கு தொடங்கவும் சிம் கார்டு வாங்கவும் கேமராவைப் பார்த்துக் கண் சிமிட்டச் சொல்கிறார்கள், எங்களால் எப்படி முடியும் என்பது அவர்கள் கேள்வி. இணைய வழிச் சேவைகளை அணுகும் உரிமை, அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழும் உரிமையில் அடங்கும் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்து, 20 உத்தரவுகளைப் பிறப்பித்தது. வங்கியிலோ அரசு அலுவலகத்திலோ ‘உங்களால் முடியாது’ என்று திருப்பி அனுப்பினால், இந்தத் தீர்ப்பைச் சொல்லி எழுத்து மூலம் மனுக் கொடுக்கலாம்.

பயன்படுத்தும் முறை கடினமில்லை. ஆண்ட்ராய்டில் அமைப்புகளுக்குள் போய் ‘அணுகல்தன்மை’ என்ற பகுதியில் டாக்பேக்கை இயக்க வேண்டும். கண் தெரிந்தவர்கள் விளையாட்டாக இதைப் போட்டுவிட்டு நிறுத்தத் தெரியாமல் தவிப்பதுண்டு. டாக்பேக் இயங்கும்போது ஒருமுறை தொட்டால் படிக்கும், இருமுறை தட்டினால்தான் திறக்கும், நகர்த்துவதற்கு இரண்டு விரல் வேண்டும். இவ்வளவு தெரிந்தால் போதும். வாட்ஸ்அப்பில் வந்த படத்தைத் திறந்து, ‘பகிர்’ என்பதை அழுத்தி, சீயிங் ஏஐ அல்லது பீ மை ஐஸைத் தேர்ந்தெடுத்தால் விளக்கம் வரும். ஆங்கிலத்தில் வந்தால், ஜெமினி, சாட்ஜிபிடி போன்றவற்றிடம் படத்தைக் கொடுத்து, ‘இதில் உள்ள எழுத்துகளை அப்படியே படி, தேதி, நேரம், தொலைபேசி எண்ணைத் தனியாகச் சொல்’ என்று தமிழிலேயே கேட்கலாம். ‘படத்தை விளக்கு’ என்று பொதுவாகக் கேட்பதைவிட இப்படிக் கேட்டால் தேவையானது கிடைக்கும்.

ஆனால் நம் குழுக்களைப் பொறுத்தவரை இவ்வளவு சுற்றுவழி தேவையே இல்லை. போஸ்டரை வடிவமைத்தவரின் கையில் அந்த எழுத்துகள் ஏற்கெனவே தட்டச்சாகி இருக்கின்றன. படத்தை அனுப்பும்போது கீழே எழுதுவதற்கு வாட்ஸ்அப் இடம் தருகிறது. அங்கே அவற்றை ஒட்டிவிட்டால், டாக்பேக் முதல் எழுத்திலிருந்து கடைசி எண் வரை படித்துவிடும். ‘முக்கிய அறிவிப்பு, அனைவரும் பார்க்கவும்’ என்று மட்டும் எழுதுவது போதாது. ‘ஞாயிறு காலை 9 மணி முதல் 1 மணி வரை இலவசக் கண் சிகிச்சை முகாம், பள்ளிவாசல் பின்புறமுள்ள மதரஸா கட்டடம், ஆதார் நகலும் பழைய மருந்துச் சீட்டும் கொண்டுவரவும், பதிவுக்கு இந்த எண்’ என்று எழுத வேண்டும். ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் இதற்கென்றே ‘மாற்று உரை’ என்ற பெட்டி இருக்கிறது. நேரமில்லை என்றால் இயந்திரத்திடமே எழுதி வாங்கலாம், ஆனால் தேதியையும் எண்களையும் போஸ்டரோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அனுப்ப வேண்டும். வேறு குழுவிலிருந்து வந்த படத்தை முன்னனுப்பும் சகோதரர்களும் இரண்டு வரி சேர்த்து அனுப்பலாம். குழு அட்மின்கள் இந்த மாதம் ஜனாஸா அறிவிப்புகளிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் அவற்றுக்குத்தான் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அவகாசம் இருப்பதில்லை.