போன் தானாக ரீஸ்டார்ட் ஆகுதா? கடைசி நொடியில் என்ன நடந்ததுன்னு எப்படி கண்டுபிடிக்கிறாங்க?

வீடியோ கால் பேசிட்டு இருக்கும்போதே திடீர்னு ஸ்கிரீன் கறுப்பாகி, கம்பெனி லோகோ வந்து நிற்கும். 'ஹேங் ஆயிடுச்சு போல' என்று நாமும் விட்டுவிடுவோம். அந்த மென்பொருளை எழுதியவருக்கு அது பெரிய தலைவலி.

ஆப் ஒன்று நின்றுபோனால் கவலையில்லை, அதற்குக் கீழே இருக்கும் ஆண்ட்ராய்டு விவரத்தைக் குறித்து வைத்துக்கொள்ளும். ஆனால் விழுந்தது கெர்னலோ, சிப்பை நேரடியாக இயக்கும் ஃபர்ம்வேரோ என்றால்? அதற்குக் கீழே குறிப்பெடுக்க ஆளே இல்லை. சாகப்போகிறவரே தன் மரண வாக்குமூலத்தை எழுதிவைக்க வேண்டிய நிலைமை!

எங்கே எழுதுவது?

வழக்கம்போல ஸ்டோரேஜில் ஃபைலாக எழுதலாமே என்று தோன்றும். அது ஆபத்து. குழம்பிப்போன மென்பொருள் அங்கே கை வைத்தால், நல்லா இருக்கும் ஃபைல்களும் கெட்டுப்போகலாம்.

அதனால் லினக்ஸில் 'ராம்ஊப்ஸ்' என்று ஒரு வழி. ராம் மெமரியில் ஒரு சின்ன பகுதியை முன்கூட்டியே ஒதுக்கி, கடைசி தகவல்களை அதில் எழுதுவார்கள். மின்சாரம் துண்டிக்கப்படாமல் ரீஸ்டார்ட் ஆனால், அந்த எழுத்துகள் பெரும்பாலும் அப்படியே இருக்கும். அடுத்த முறை போன் எழுந்ததும் எடுத்துப் படிக்கலாம். ஓரிரு பிட் மாறியிருந்தாலும் திருத்திக்கொள்ள, பிழை திருத்தும் குறியீட்டையும் சேர்த்து வைக்க முடியும். (ஹேங் ஆனதும் பேட்டரியைக் கழற்றி மாட்டுவோமே, ஞாபகம் இருக்கா? அப்படிச் செய்தால் இந்தத் தடயம் காலி!)

போன் மொத்தமாக உறைந்துவிட்டால் வாக்குமூலம் எழுதக்கூட நேரம் இருக்காது. 'வாட்ச்டாக்' என்ற டைமர், குறித்த நேரத்துக்குள் பதில் வராவிட்டால் நேராக ரீசெட் செய்துவிடும். எனவே விழும்போது மட்டும் எழுதினால் போதாது, ஓடும்போதே பதிவு செய்துகொண்டே வர வேண்டும்.

செவ்வாயில் நடந்த கூத்து

2004 ஜனவரியில் செவ்வாயில் இறங்கிய நாசாவின் ஸ்பிரிட் ரோவர், அதே மாதம் 21-ம் தேதி ஒழுங்காகப் பேசுவதை நிறுத்தியது. ஃபிளாஷ் மெமரியில் ஃபைல்கள் குவிந்துபோக, அதைத் திறக்கத் தேவையான ராம் போதவில்லை. திறக்க முயன்றதும் ரீசெட், எழுந்ததும் மறுபடி அதே முயற்சி. இப்படி 60 முறைக்கு மேல்! இரவில் தூங்காமல் பேட்டரியும் கரைந்தது. என்ன பிரச்னை என்று சொல்ல வேண்டிய தகவல்களும் அந்த ஃபிளாஷுக்குள்தான் மாட்டிக்கொண்டிருந்தன.

பூமியில் இருந்து பொறியாளர்கள் அனுப்பிய கட்டளை எளிமையானது: ஃபிளாஷைத் தொடாமல் எழுந்திரு. எழுந்தது, பேசியது. 90 நாள் வேலைக்காக அனுப்பப்பட்ட ஸ்பிரிட், 2010 வரை தகவல் அனுப்பியது.

இதே யோசனை நம் கையிலும் இருக்கிறது. ஆண்ட்ராய்டு 8 முதல் 'ரெஸ்க்யூ பார்ட்டி' என்ற வசதி, போன் திரும்பத் திரும்ப விழுகிறதா என்று எண்ணிப் பார்க்கும். சில செட்டிங்குகளை மாற்றிப் பார்த்தும் சரியாகாவிட்டால், ரெகவரி திரைக்குக் கொண்டுபோய் ஃபேக்டரி ரீசெட் செய்யலாமா என்று கேட்கும். அந்தத் திரை வந்தால் அவசரப்பட்டு ஓகே கொடுக்காதீங்க. பேக்கப் எடுக்காத போட்டோக்கள் அதோடு போய்விடும்.