சுருட்டையும் செத்தல் மிளகாயையும் துளைக்கும் சிறு வண்டு
துணுக்காய்ப் பகுதிக் கமக்காரர்க்கும் சிறு வியாபாரிகட்கும்

துணுக்காய்ப் பகுதியிலே நெல்லுக்கு அடுத்தபடியாகக் குடும்பங்களுக்குக் கைப்பணம் தருவன மிளகாய், உழுந்து, கச்சான் முதலிய மேட்டுநிலப் பயிர்களாம். அறுவடைக் காலத்திற் சந்தையிலே செத்தல் மிளகாயின் விலை விழுந்துவிடுதல் வழக்கம். ஆதலாற் பலர் ஒன்றிரண்டு சாக்கு மிளகாயை வீட்டிலே வைத்து, விலையேறும் காலம் பார்த்து விற்கின்றனர். சிறு கடை வைத்திருப்போர் யாழ்ப்பாணத்திலிருந்து சுருட்டுக் கட்டுகளை வாங்கி, மஞ்சள், கொத்தமல்லி முதலியவற்றோடு ஒரே தட்டில் அடுக்கி வைக்கின்றனர். இவ்விரு சாராரின் முதலையும் ஓசையின்றித் தின்றழிக்கும் பீடை ஒன்றுண்டு. அதுவே சுருட்டு வண்டு அல்லது புகையிலை வண்டு எனப்படுவது.

துளை விழுந்த சுருட்டின் பக்கத்தாற் காற்றுப் புகுவதனால் அது சீராய் எரியாது. வாங்கியவர் திருப்பிக் கொண்டு வருவார். துளை விழுந்த மிளகாயை வியாபாரி கழித்துப்போடுவார், அன்றேற் பாதி விலை கூறுவார். ஆதலால் இவ்வண்டின் வாழ்க்கையையும் அதனைத் தடுக்கும் வழிகளையும் அறிந்துகொள்ளுதல் நன்மை பயக்கும்.

வண்டை அடையாளம் காணல்

முதிர்ந்த வண்டு 2 முதல் 3 மில்லிமீற்றர் நீளமுடையது. செங்கபில நிறமும் முட்டை வடிவமும் கொண்டது. தலை கீழ்நோக்கி மடங்கியிருத்தலால், மேலிருந்து நோக்குவார்க்குக் கூனல் முதுகு மாத்திரமே புலப்படும். அரிசி வண்டிற்குள்ள நீண்ட மூக்கு இதற்கில்லை. மருந்துச் சரக்குகளைத் தின்னும் வேறொரு வண்டு இதனைப் பெரிதும் ஒத்திருக்கும்; ஆனால் அதன் இறக்கையுறையில் நீளவாட்டில் வரிப்பள்ளங்கள் உண்டு. சுருட்டு வண்டின் முதுகோ வழவழப்பானது; அதன் உணர்கொம்புகள் வாட்பற்கள் போன்றவை.

சுருட்டிலே குண்டூசி குத்தினாற் போன்ற வட்டத் துளைகளும், கட்டின் அடியில் உதிர்ந்த மெல்லிய தூளும் காணப்படின், வண்டு இருக்கின்றதென அறிதல் வேண்டும். வெண்மையான படலம் மாத்திரம் இருந்து துளை இல்லையெனின், அது பெரும்பாலும் ஈரத்தால் வந்த பூஞ்சணமாகும்.

வளர்ச்சியும் பெருக்கமும்

பெண் வண்டு தன் வாழ்நாளில் 100 வரையில் முட்டைகளை இடவல்லது. முட்டைகள் ஏறத்தாழ 6 முதல் 10 நாட்களிற் பொரிக்கும். வெளிவரும் வெண்ணிறப் புழு மயிரடர்ந்தது, வளைந்து கிடப்பது. சேதம் விளைப்பது இப்புழுவேயாம். முதிர்ந்த வண்டு உணவென்று தின்பது மிகக் குறைவு. வெளியேறுவதற்காகவே அது துளையிடுகின்றது. எனவே துளையை நாம் காணும்போது உள்ளே சேதம் நிகழ்ந்து முடிந்திருக்கும்.

முட்டையிலிருந்து வண்டாகும் வரை பொதுவாக 6 முதல் 8 கிழமைகள் செல்லும். 30 பாகை செல்சியஸ் வெப்பமும் காற்றில் ஈரமும் சேர்ந்திருப்பின் இன்னும் விரைவில் முடியும். வன்னியின் வெப்பநிலை ஆண்டு முழுவதும் இதற்கு ஏற்றதாகவே உள்ளது. ஒரு பெண் வண்டு இடும் முட்டைகளில் 50 மாத்திரம் பிழைத்து, அவற்றிற் பாதி பெண்ணாயின், இரண்டு மாதத்தில் 50 வண்டுகள். நான்கு மாதத்தில் 1,250. ஆறு மாதத்தில் 31,250 எனக் கணக்கு ஏறும். எல்லாம் பிழைப்பதில்லை என்பது உண்மையே. எனினும் ஒரு வண்டைக் கண்டபோதே கருமமாற்ற வேண்டியதன் காரணம் இக்கணக்கால் விளங்கும்.

பெயராலே ஏமாறற்க

கத்தரியிலும் மிளகாயிலும் காணும் செடிப்பேனை ஒழிக்கப் புகையிலைக் கஷாயம் தெளித்தவர் நம்மில் உளர். புகையிலையிலுள்ள நிக்கொட்டீன் பூச்சிகட்கு நஞ்சு. அவ்வாறாயின் இவ்வண்டு புகையிலையை உண்டு வாழ்வது எங்ஙனம்? இதன் குடலோடு சேர்ந்து வாழும் மதுவம் போன்ற நுண்ணுயிர்கள், உணவிலுள்ள நஞ்சை முறிக்கவும் வேண்டிய சத்துகளை ஆக்கவும் உதவுகின்றன. ஆதலாற் பிற பூச்சிகள் அணுகாத உணவும் இதற்கு உணவாகின்றது.

மேலும் இவ்வண்டு புகையிலைக்கே உரியதன்று. 1922 ஆம் ஆண்டிற் கண்டுபிடிக்கப்பட்ட எகிப்திய மன்னன் துத்தன்காமனின் கல்லறையிலும் இவ்வண்டின் எச்சங்கள் காணப்பட்டன. அம்மன்னன் இறந்து 3,300 ஆண்டுகள் கடந்துவிட்டன. புகையிலையோ 1492 இற்குப் பின்னரே அமெரிக்காவிலிருந்து ஏனைய கண்டங்களுக்கு வந்தது. எனவே புகையிலை வருமுன்னரே இவ்வண்டு வேறு உலர்ந்த பொருள்களைத் தின்று வாழ்ந்தது தெளிவு.

இச்செய்தி துணுக்காய் வீட்டுக்கும் கடைக்கும் மிக வேண்டியது. செத்தல் மிளகாய், மஞ்சள், கொத்தமல்லி, வேர்க்கொம்பு, உலர்ந்த மூலிகைகள், கோழித்தீன், புண்ணாக்கு, கருவாடு ஆகிய யாவும் இதற்கு உணவு. சுருட்டுப் பெட்டியை மாத்திரம் துப்புரவு செய்து, பக்கத்திலுள்ள பழைய மஞ்சட் பேணியை அப்படியே விட்டுவிடின், இரண்டு மாதத்தில் வண்டு மீண்டும் சுருட்டுக்கு வந்து சேரும். சுருட்டிலே வண்டு கண்டவர் முதலில் தேடவேண்டிய இடம் அயலிலுள்ள பழஞ்சரக்கேயாகும்.

சுருட்டைக் காக்கும் முறை

சுருட்டை வெயிலிற் காயவைத்தல் ஆகாது. மேலிலை வெடித்து மணமும் குன்றும். குளிரூட்டலே ஏற்ற வழி. சிற்றுண்டி, ஐஸ்கிறீம் விற்கும் கடைகளில் உறைகுளிர்ப் பெட்டி இருப்பதனால் இது இன்று கைகூடக்கூடியதே.

1. சுருட்டுக் கட்டைத் தடித்த பொலித்தீன் பையில் இட்டு, காற்றை வெளியேற்றி, இறுகக் கட்டுக.

2. பூச்சியத்திற்குக் கீழ் 18 பாகை செல்சியஸ் அல்லது அதனினும் குறைந்த குளிரில் ஏழு நாட்கள் வைக்க. பெரிய கட்டின் நடுப்பகுதி குளிர்வதற்கு நேரம் செல்லுமாதலாற் சிறு கட்டுகளாகப் பிரித்தல் நன்று. முட்டை முதல் வண்டு வரை எல்லாப் பருவமும் இதனால் இறக்கும்.

3. பின்னர் ஒரு நாள் சாதாரண குளிர்சாதனப் பெட்டியிலும், மறுநாள் அறையிலும் வைக்க.

4. பை அறையின் வெப்பநிலையை அடையுமுன் அதனைத் திறக்கவேண்டாம். திறப்பின் நீர்த்துளி படிந்து பூஞ்சணம் பிடிக்கும்.

5. இறுக மூடும் கண்ணாடிப் போத்தலிலோ தகரப் பேணியிலோ சேமிக்க. மெல்லிய பொலித்தீனையும் கடதாசியையும் இவ்வண்டு துளைத்துவிடும்.

புதிதாய் வாங்கிய கட்டைப் பழைய கட்டோடு கலவாது, முதல் ஒரு மாதம் வேறாக வைக்க. கிழமைக்கொருமுறை வெள்ளைத் தாளின்மேல் மெதுவாகத் தட்டிப் பார்க்க. தூளோ வண்டோ விழுமாயின் மேற்கூறிய முறையைக் கைக்கொள்க. முந்தி வந்ததை முந்தி விற்க.

மிளகாயையும் சரக்கையும் காக்கும் முறை

மிளகாய்க்கு நம் கோடை வெயிலே சிறந்த மருந்து. அசைத்தால் உள்ளே விதை கலகலக்கும் வரை பாயிற் பரப்பிக் காயவிடுக. கறுப்புப் பொலித்தீனின்மேல் மெல்லிய படையாகப் பரப்பி, மேலே நிறமற்ற பொலித்தீனால் மூடி, ஓரங்களுக்குக் கல் வைத்தால், நடுப்பகல் வெயிலில் உள்வெப்பம் 60 பாகை செல்சியஸையும் எட்டக்கூடும். அவ்வெப்பத்திற் சில மணி நேரம் இருந்தாற் புழுவும் முட்டையும் இறக்கும். நன்கு காய்ந்த மிளகாய்க்கே இம்முறை பொருந்தும். ஈர மிளகாய் புழுங்கிக் கெடும். விதைக்கென ஒதுக்கிய மிளகாயை இவ்வாறு சூடேற்றவேண்டாம்; முளைதிறன் குன்றும்.

காய்ந்ததை நன்றாக ஆறவிட்ட பின்னரே பேணியில் அடைக்க. சூட்டோடு மூடினால் உள்ளே ஈரம் படியும். பழைய சாக்குகளைக் கொதிநீரில் அமிழ்த்தி, வெயிலிற் காயவைத்த பின் பாவிக்க. தட்டு இடுக்கிலும் பறணிலும் தேங்கிய தூளைக் கூட்டி அள்ளி, கொதிநீர் ஊற்றி, ஆழப் புதைக்க. சுவர் வெடிப்புகளை அடைக்க. உலர்ந்த வேப்பிலை இடும் வழக்கம் வண்டை ஓரளவு விலக்கலாம். ஆயின் மிளகாயின் உள்ளிருக்கும் புழுவை அது கொல்லாது.

நஞ்சு பற்றிய எச்சரிக்கை

சுருட்டின்மீதோ மிளகாயின்மீதோ எந்தப் பீடைநாசினியையும் தெளித்தல் கூடாது. ஒன்று புகையோடு நெஞ்சுக்குட் செல்லும். மற்றது கறியோடு வயிற்றுக்குட் செல்லும். முன்னொரு காலத்திற் களஞ்சியங்களிற் தூவப்பட்ட டி.டி.ரீ. இன்று விவசாயத்தில் தடைசெய்யப்பட்டதாகும்; பழைய தூள் எங்கேனும் எஞ்சியிருப்பின் அதனைத் தொடவேண்டாம்.

அலுமினியம் பொசுபைட்டு வில்லைகள் பற்றிச் சிறப்பாகக் கூறவேண்டியுள்ளது. இவை பெருங் களஞ்சியங்களிற் பயிற்சி பெற்றோரால் மாத்திரம் பாவிக்கப்படுவன. காற்றின் ஈரம் பட்டதும் இவற்றிலிருந்து பொசுபீன் வாயு வெளிப்படும். அது நிறமற்றது, கதவிடுக்காலும் கூரையிடுக்காலும் அடுத்த அறைக்குப் பரவவல்லது, உயிர்க்கொல்லி. அதற்கு மாற்றுமருந்து இல்லை. மணம் தெரியவில்லை என்பதனால் ஆபத்து இல்லையென எண்ணற்க. இரண்டு சாக்கு மிளகாயைக் காப்பதற்காகப் பிள்ளைகள் உறங்கும் வீட்டில் இவ்வில்லையை வைத்தல் ஒருபோதும் தகாது. மிளகாய் போயின் அடுத்த போகத்தில் மீண்டும் பெறலாம்.

பெருந்தொகையாகச் சேமிக்கும் சங்கங்களும் வியாபாரிகளும் கவர்பொறிகளைப் பயன்படுத்தலாம். பெண் வண்டு ஆணை அழைக்க வெளிவிடும் மணப்பொருள் 1979 ஆம் ஆண்டில் இனங்காணப்பட்டது. அதனை ஒட்டுத்தாளில் இட்டுப் பொறி அமைக்கின்றனர். இது ஆண் வண்டுகளை மாத்திரம் பிடிக்குமாதலால், வண்டு வந்துவிட்டதா என்பதை அறிய உதவுமேயன்றி அதனை ஒழித்துவிடாது.

இத்துண்டுப் பிரசுரம் சேமித்த பொருளைக் காப்பது பற்றியதேயன்றிப் புகைத்தலை ஆதரிப்பதன்று. புகைத்தல் உடலுக்குத் தீங்கு விளைப்பது. 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டப்படி, 21 வயதுக்குட்பட்டோர்க்குப் புகையிலைப் பொருள்களை விற்றல் குற்றமாகும் என்பதனையும் கடைக்காரர் நினைவிற் கொள்வாராக.

உலர்ந்த சரக்கு, இறுகிய மூடி, துப்புரவான தட்டு, கிழமைக்கொரு சோதனை ஆகிய நான்கும் இருக்குமிடத்தில் இவ்வண்டு பெருகாது. ஐயம் எழுமிடத்து, வண்டைச் சிறு போத்தலில் இட்டுக் கொண்டுசென்று, உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் காட்டி ஆலோசனை பெறுக.