இருந்தும் உதவாத காவல் புரதம்

பிழையில்லாமலும் தோற்கலாம்

புற்றுநோயை மரபணுப் பிழை என்று மட்டும் சொல்லி முடித்துவிடுகிறோம். பழுதில்லாத மரபணு பழுதில்லாத புரதத்தைத் தயாரித்த பிறகும், அது செல்லுக்குள் சேரவேண்டிய இடத்தில் இல்லையென்றால் காரியம் நடக்காது. பி53 என்ற புரதத்தைப் பாருங்கள். டிஎன்ஏ சேதமடைந்த செல் பெருகாமல் தடுப்பதும், தேறாத செல்லைச் சாகவைப்பதும் அதன் வேலை. பிற மரபணுக்களை முடுக்கியே இதைப் பெரும்பாலும் செய்வதால், அது உட்கருவுக்குள் இருந்தாக வேண்டும்.

வெளியே தூக்கிச் செல்பவன்

உட்கருவின் உறைத் துளைகளைப் பெரிய புரதங்கள் தாமாகக் கடப்பதில்லை. சுமந்து செல்ல வேறு புரதங்கள் வேண்டும். வெளியே கொண்டுபோகும் முக்கியச் சுமைதாரி எக்ஸ்போர்டின்-1. பல புற்றுகளில் இது மிகுந்து காணப்படுகிறது; பி53 போன்ற காவல் புரதங்களையும் வெளியே தள்ளிவிடுகிறது. இந்த மிகுதி நோயின் விளைவாக இருக்கலாமே, காரணம் என்று எப்படிச் சொல்வது? நியாயமான கேள்வி. ஆனால் சில நிணநீர்ப் புற்றுகளில் எக்ஸ்போர்டின்-1 மரபணுவிலேயே, புரதத்தின் 571-ஆம் அமினோ அமிலத்தை மாற்றும் பிழை திரும்பத் திரும்ப வருகிறது. வெறும் விளைவு இப்படி ஒரே புள்ளியைக் குறிவைக்காது.

தடுத்தால் என்ன ஆகும்?

அப்படியானால் எக்ஸ்போர்டின்-1-ஐ மருந்தால் தடுத்துப் பார்க்கலாமே என்று தோன்றும். ஆரோக்கியமான செல்லுக்கும் இந்தப் போக்குவரத்து தேவைதானே என்பது இன்னும் வலுவான ஆட்சேபம். எக்ஸ்போர்டின்-1-ஐ நிரந்தரமாகப் பூட்டிவிடும் லெப்டோமைசின் பி மனிதர்களில் தோற்றதற்கு அதன் நச்சுத்தன்மையே காரணம். காலப்போக்கில் பிடியைத் தளர்த்தும் செலினெக்சர் அந்த இடத்துக்கு வந்தது. மல்டிபிள் மைலோமா என்ற இரத்தப் புற்றில் பல மருந்துகளும் கைவிட்ட 122 பேரிடம் டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டு மருந்துடன் சேர்த்துக் கொடுத்தபோது 26 சதவீதத்தினருக்குப் பலன் தெரிந்தது. ஒப்பீட்டுக் குழு இல்லாத ஆய்வு இது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆலோசனைக் குழு, அடுத்த ஆய்வு முடியட்டும் என்று 8-5 வாக்குகளில் சொன்னது. அந்தத் தயக்கம் சரியென்றே எனக்குப் படுகிறது. ஆனாலும் 2019 ஜூலையில் அனுமதி கிடைத்தது. பிறகு 402 பேரிடம் நடந்த ஒப்பீட்டு ஆய்வில், வழக்கமான மருந்துகளோடு இதையும் பெற்றவர்களுக்கு நோய் முற்றாமல் நின்ற காலம் 13.9 மாதம், மற்றவர்களுக்கு 9.5 மாதம். அதற்குப் பிறகுதான் வாதம் உறுதிப்பட்டது.

எல்லைகளும் உண்டு. பி53 மரபணுவே சிதைந்த புற்றுகள் ஏராளம். அங்கே வாசலை அடைத்து அந்தக் காவலை மீட்க முடியாது. குமட்டல், எடைக்குறைவு, தட்டணுக்கள் சரிவு, இரத்தத்தில் சோடியம் இறங்குதல் ஆகியவை இம்மருந்தின் தொல்லைகள். வாந்தித் தடுப்பு மருந்தை முன்கூட்டியே கேட்டு வாங்க வேண்டும். சாப்பாடு குறைந்தால் அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திராமல் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.