சாய்ந்த கோட்டின் சாமர்த்தியம்

பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகளுக்கு மேட்லேப் என்ற கணக்கீட்டு மென்பொருள் வேண்டுமாம். விலை கட்டுப்படியாகவில்லை, கிராக் செய்த பிரதியைப் போட்டுக்கொடுக்கலாமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். வேண்டாம் ஐயா, இலவசமாக ஆக்டேவ் இருக்கிறது.

அமெரிக்கப் பேராசிரியர்கள் இருவர் எழுதிய வேதிப்பொறியியல் பாடநூலுக்குத் துணையாக நினைக்கப்பட்ட மென்பொருள் இது. ஜான் ஈட்டன் 1992இல் முழுமூச்சாக இறங்கி உருவாக்கத் தொடங்கினார். பெயரில் இசையைத் தேடாதீர்கள். ஈட்டனின் பேராசிரியர் ஆக்டேவ் லெவன்ஸ்பீலின் பெயர் அது. எந்தக் கணக்கையும் கிடைத்த தாளில் தோராயமாகப் போட்டுவிடுவதில் பேர்போனவர்.

மேட்லேப் கட்டளைகளில் பெரும்பாலானவை இதிலும் ஓடும். அவற்றில் எனக்குப் பிடித்தது, வகுத்தல் கோட்டுக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும் அந்தக் கோடு. 2 பேனாவும் 1 நோட்டும் 50 ரூபாய்; 1 பேனாவும் 3 நோட்டும் 100 ரூபாய். ஒவ்வொன்றும் என்ன விலை? கெழுக்களை அணியாக எழுதி, கோட்டைப் போட்டு, தொகைகளை எழுதினால் 10, 30 என்று விடை வந்து நிற்கும்.

இதைக் கால்குலேட்டரே செய்யுமே என்பீர்கள். கோட்டின் கெட்டிக்காரத்தனம் வேறு. எங்கள் தெரு தையல்காரர் துணியைத் தொட்டுப் பார்த்துத்தான் ஊசியை எடுப்பார். இதுவும் அப்படி, அணியைப் பார்த்துத்தான் வழியைத் தேர்ந்தெடுக்கும். ஒரு பாதி பூஜ்யமாக இருக்கும் முக்கோண அணியென்றால் நேரடியாகப் பிரதியிட்டுத் தீர்க்கும். சமச்சீராக இருந்து மூலைவிட்ட எண்களும் நேர்மமாக இருந்தால் சோலெஸ்கி முறையை முயலும். அது பலிக்காவிட்டால் எல்.யூ. முறை. அளவீடுகள் பத்து, கண்டுபிடிக்க வேண்டியவை இரண்டே என்றால் மீச்சிறு வர்க்க முறையில் பொருத்தமான விடையைத் தரும். ஒரு சமன்பாடு இன்னொன்றின் இருமடங்காகவே இருந்தால் எச்சரிக்கை போட்டுவிட்டு, ஏதோ ஒரு விடையையும் கொடுக்கும். எச்சரிக்கையைப் படிக்காமல் விடையை மட்டும் ரெக்கார்டு நோட்டில் ஏற்றுகிற பிள்ளைகளை என்ன சொல்ல!

இந்த வேலையில் பெரும்பகுதியைச் செய்வது ஆக்டேவ்கூட அல்ல. லாபேக் என்ற, ஃபோர்ட்ரான் மொழியில் எழுதிய நிரல் தொகுதி. 1992 முதல் எவருக்கும் இலவசம். விலை போட்டு விற்கும் மேட்லேப்பும் 2000இல் லாபேக்குக்குத்தான் மாறியது. உள்ளே ஓடும் கணக்கு ஒன்றாக இருக்கும்போது, ஆய்வகத்தில் திருட்டுப் பிரதியை ஏற்றிவைத்து அதைத்தான் பழக வேண்டும் என்று மாணவரை விரட்டுவது என்ன நியாயம்?

கட்டப்படம் வரைந்து அமைப்புகளைப் பாவிக்கும் மேட்லேப்பின் சிமுலிங்க் போன்ற வசதி ஆக்டேவில் கிடையாது. அது தேவைப்பட்டால் சைலேப் மென்பொருளின் எக்ஸ்காஸைப் பாருங்கள். அதுவும் இலவசம், மும்பை ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுடோரியலில் சைலேப் பாடங்கள் தமிழிலும் உண்டு. மகளுக்கு முதலில் ஆக்டேவைப் போட்டுக்கொடுங்கள். இரண்டாம் ஆண்டுக் கணக்குகளுக்கு அது தாராளம்.