பன்கதிர்த் துறப்பணம்: பழுதுபார்த்தலும் உழைப்பும்

கார்ல் மார்க்ஸ் 1867இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதற்பாகத்தில், இயக்கும் பகுதி, இயக்கத்தைக் கடத்தும் பகுதி, தொழிற்படும் கருவி என யந்திரத்தை மூன்றாகப் பகுத்துக் காட்டினார். கைவினைஞன் ஒரே வேளையில் கையாளக்கூடிய கருவிகளுக்கு அவனுடலே எல்லை வகுக்கிறது. யந்திரமோ அவ்வெல்லையைக் கடந்து பல கருவிகளை ஒருங்கே இயக்குகிறது என்பது அவர் விளக்கம். தளபாட உற்பத்தியில் வழங்கும் பன்கதிர்த் துறப்பணத் தலை இதற்குப் பொருத்தமான உதாரணமாகும். அதனைப் பேணுதலும் திருத்துதலும் வெறுந் தொழினுட்பப் பிரச்சினைகள்தாமா என்பதே இங்கு எழும் வினா.

யாழ்ப்பாணத்துப் பனைமரத்தின் வைரம் நெருங்கிய கருநாரால் ஆனது. ஆணி அதில் எளிதில் இறங்காது. முதலில் துளையிடல் வேண்டும். கயிறு சுற்றிய துறப்பணத்தை வில்லால் இழுத்துத் துளைத்த காலத்தில், அலகைக் கூராக்கியவனும் கருவியைச் செப்பனிட்டவனும் அதனைக் கையாண்ட தச்சனே. உற்பத்தியும் பராமரிப்பும் ஒரே கையில் இருந்தன. ஆயினும் அதனைப் பொற்காலமெனக் கொள்ளல் தவறு. அவ்வறிவு பெரும்பாலும் சாதியெல்லைக்குள் பிறப்புவழியே கையளிக்கப்பட்டது.

பன்கதிர்த் தலையில் மோட்டாரின் சுழற்சியை ஒவ்வொரு கதிரின் பற்சில்லும் அயற்பற்சில்லுக்குக் கடத்துகிறது. இணைந்த இரு பற்சில்லுகள் எதிரெதிர்த் திசைகளிலேயே சுழலும். ஆதலால் அடுத்தடுத்த கதிர்களுக்கு வலஞ்சுழி, இடஞ்சுழி அலகுகளை மாறிமாறிப் பொருத்தல் வேண்டும். தவறினால் அலகு வெட்டாது உரசி, மரத்தைக் கருக்கும். கதிர்களுக்கிடையே 32 மில்லிமீற்றர் இடைவெளி பொதுவழக்காகும். அலுமாரித் தட்டுகளைத் தாங்கும் 5 மில்லிமீற்றர்த் துளைகளும் அதே இடைவெளியில் அமைகின்றன. பற்சில்லுகளையும் போதிகைகளையும் நெருக்கி அடக்கும் தேவையே இவ்வளவைத் தந்ததென்பர். வீட்டுத் தளபாடத்தின் அளவை மனிதனின் கையன்றி யந்திரத்தின் உட்பொறி நிர்ணயித்தமை மனங்கொள்ளத்தக்கது.

இவ்விணைப்பே தலையின் பலம், பலவீனமும் அதுவே. ஒரு பல் உடைந்தால் அதன் துண்டு அயற்பற்களையும் சிதைத்து முழுத் தலையையும் நிறுத்திவிடக்கூடும். ஓசை மாறுதல், ஓரிடம் மட்டும் சூடேறுதல், துளை அகன்று மரமுளை தளர்தல் ஆகியவை தேய்ந்த போதிகையின் அறிகுறிகள். அலகு மழுங்கினாலும் வளைந்தாலும் இவற்றுட் சில தோன்றுமாதலின், முதலில் அலகை மாற்றிப் பார்த்தல் முறை. அமுக்கிய காற்றைக் கதிர்களின் இடுக்குகளை நோக்கி ஊதினால், மரத்தூள் உட்புகுந்து கிறீசுடன் கலந்து அரைக்கும் பசையாகும். தூரிகையால் அகற்றலே நன்று. கிறீஸ் குறைந்தால் தேய்வு, மிகுந்தால் வெப்பம். தலையைத் திறக்குமுன் மின்னிணைப்பைத் துண்டித்து, பற்சில்லுகளின் வரிசையைக் குறித்துக்கொள்ளல் வேண்டும். புதிய போதிகையைக் கதிரில் ஏற்றுகையில் உள்வளையத்திலேயே அழுத்தம் விழவேண்டும். வெளிவளையத்தில் அடித்தால் குண்டுகளின் பாதை வடுப்பட்டுப் புதியதும் விரைவிற் கெடும்.

பழுதுபார்க்கும் அறிவின் சமூகப் பெறுமதியைக் குடாநாடு அனுபவத்தால் அறியும். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் மின்சாரம் அற்றுப்போயிற்று. எரிபொருளும் மின்கலமும் தடைக்குள்ளாயின. மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. துவிச்சக்கரவண்டியின் டைனமோ வானொலியை இயக்கிற்று. இவற்றைச் சாத்தியமாக்கியோர் பட்டறைத் தொழிலாளரே. ஆயின் இத்திறனுக்கும் எல்லையுண்டு. நுண்ணளவில் கடையப்பட்ட போதிகையை ஊர்ப்பட்டறையில் ஆக்கிவிட முடியாது. அது உலகச் சந்தையிலிருந்தே வரவேண்டும். பழுதை அறிதல் நம்மிடமும் பாகத்தை ஆக்குதல் பிறரிடமும் இருப்பதே பின்தங்கிய பொருளாதாரத்தின் இயல்பு.

துளையிடும் திறன் யந்திரத்துக்குச் சென்றுவிட்டது. அதன் ஓசை கேட்டுப் பழுதறியும் திறன் தொழிலாளியிடம் எஞ்சியுள்ளது. எண்ணிக்கைக்குக் கூலி பெறுபவனுக்கு, துப்புரவு செய்யும் நேரம் கூலியற்ற நேரம். முதலாளிக்கோ அது உற்பத்தி நட்டம். இருவரும் ஒத்திப்போட்ட வேலை இறுதியில் உடைந்த பல்லாக வெளிப்படும்போது, பழி மட்டும் தொழிலாளியின் கவனக்குறைவின்மீது விழுகின்றது. பராமரிப்பு நேரத்துக்குக் கூலி வழங்கப்படாதவரை இந்நிலை மாறாது.

தமிழாய்வாளருக்கும் இதிற் பங்குண்டு. தொழிலாளி காதாலும் விரல்நுனியாலும் அறிவதைத் தமிழிலேயே சொல்கிறான். ஆனால் அது பெரும்பாலும் வாய்மொழியாகவே நின்றுவிடுகிறது. ஏட்டுச் சொற்களைத் திரட்டிய அதே சிரத்தையுடன் பட்டறைச் சொற்களையும் திரட்டினால், பிறப்புவழி வந்த அறிவு எவரும் கற்கக்கூடிய பொதுவறிவாகும்.